மேரிலாந்துப் பண்ணையும் நம் லயமும்: அண்மையில் படித்த நாவல்கள் குறித்து

வெளிக்காடு (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த நான்கு மாதங்களில் படித்தவற்றுள் இரண்டு நாவல்கள் என் மனத்தை விட்டு நீங்க மறுக்கின்றன. ஒன்று, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் 1979இல் வெளியிட்ட ‘கிண்ட்ரெட்’. மற்றொன்று, ஜப்பானிய எழுத்தாளர் யோகோ ஒகாவா 1994இல் எழுதி, 2019இல் ஆங்கிலத்தில் வந்த ‘தி மெமரி போலீஸ்’. இரண்டு கதைகளும் நடக்கவே முடியாத ஒன்றின் மேல் எழுப்பப்பட்டவை. இருந்தும், லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பில் நான் பிறந்து வளர்ந்த மலேசிய ரப்பர் தோட்டத்தைப் பற்றி இதுவரை எந்த நூலும் எனக்குச் சொல்லாத ஒன்றை இவை சொல்லிவிட்டதாக உணர்கிறேன். அந்த உணர்வு சரிதானா என்று உங்களிடம் கேட்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

‘கிண்ட்ரெட்’ நாவலின் கறுப்பின நாயகி டானா, 1976இல் கலிபோர்னியாவில் தன் வெள்ளைக்காரக் கணவனுடன் புதுவீட்டில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தலைசுற்றி விழுகிறாள். கண் விழித்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்து மேரிலாந்தில், ஓர் ஆற்றங்கரையில் கிடக்கிறாள். எதிரே ஒரு வெள்ளைக்காரச் சிறுவன் நீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறான். ரூஃபஸ் என்ற அந்தச் சிறுவன் அடிமைகளை வைத்திருக்கும் பண்ணையாரின் மகன். அவனுடைய உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் டானா அங்கே இழுக்கப்படுகிறாள். தன் உயிர் போய்விடும் என்று அவளே அஞ்சும்போதுதான் சொந்தக் காலத்துக்குத் திரும்புகிறாள். அவன் அவளுடைய மூதாதையன். அவன் வளர்ந்து ஆலிஸ் என்ற கறுப்பினப் பெண்ணிடம் ஒரு மகளைப் பெற்றால்தான் டானாவின் வம்சம் உண்டாகும். காலப் பயணத்துக்கு இயந்திரமும் இல்லை, விளக்கமும் இல்லை. பட்லரே இதை அறிவியல் புனைவு என்று ஏற்றுக்கொள்ளவில்லை; இருண்ட மிகுபுனைவு என்றே சொன்னார்.

என்னை நிறுத்தி வைத்த பாத்திரம் டானா அன்று. பண்ணை வீட்டுச் சமையலறையில் இருக்கும் சாரா. அவளுடைய பிள்ளைகளில் மூவரை விற்று, அந்தப் பணத்தில் வீட்டுக்கு மேசை நாற்காலிகளும் பீங்கான் பாத்திரங்களும் வாங்கியிருக்கிறார்கள். வாய் பேச வராத ஒரு மகள் மட்டும் அவளுக்கு மிஞ்சியிருக்கிறாள். சாரா தப்பி ஓடவில்லை. விடுதலை என்ற பேச்சை எடுத்தாலே அஞ்சுகிறாள். டானா முதலில் அவளை மனத்துக்குள் இகழ்கிறாள். சவுக்கடி தன் முதுகிலேயே விழுந்த பிறகு, அப்படி இகழத் தனக்கு என்ன தகுதி இருந்தது என்பது அவளுக்கு மெல்ல மெல்ல விளங்குகிறது.

என் பாட்டி முப்பத்திரண்டு ஆண்டுகள் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியும் முன்பே பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்று, மேற்பார்வையாளரான மண்டோர் காட்டிய மர வரிசைக்கு, அதாவது நிரைக்கு, தலையில் விளக்குடன் நடந்தவர். இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் நான் ஒருநாள் அவரிடம், “ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருந்தால் நாம் இப்படி இருந்திருப்போமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒட்டுப்பால் பிசுக்கு ஏறிய விரல்களை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த நாவலின் விதை எங்கே விழுந்தது என்பதைப் பட்லர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்: கல்லூரியில் அவர் அறிந்த ஓர் இளைஞன், தம் இனம் முன்னேறாமல் தடுத்தவர்கள் என்று மூத்த தலைமுறையை வெறுத்துப் பேசினானாம். பட்லரின் தாயோ வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர். பின்வாசல் வழியாக உள்ளே போய், அவமதிப்புகளைக் காதில் விழாதவைபோல் ஏற்று, அந்தச் சம்பளத்தில் மகளை வளர்த்தவர். அந்த இளைஞன் சொன்னதைத்தான் நான் என் பாட்டியின் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறேன். இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

‘தி மெமரி போலீஸ்’ நாவலில் ஒரு தீவில் பொருள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ரோஜா, பறவை, நிழற்படம், நாள்காட்டி என்று ஒன்று மறைந்ததும் மக்கள் தம்மிடம் உள்ளவற்றைத் தாமே அழித்துவிட்டு, அதைப் பற்றிய நினைவையும் இழந்துவிடுகிறார்கள். மறக்க முடியாதவர்களை நினைவுக் காவலர்கள் பிடித்துச் செல்கிறார்கள். கதையைச் சொல்லும் பெண் ஒரு நாவலாசிரியர். மறதி அண்டாத தன் பதிப்பாசிரியரை வீட்டுத் தளத்துக்கு அடியில் ஒரு சிறு அறையில் ஒளித்து வைக்கிறார்.

நம்மைப் பற்றிய தோட்ட நாவல்கள் பெரும்பாலும் யதார்த்தத்தின் எல்லைக்குள்ளேயே நிற்பது ஏன் என்பதே என் கேள்வி.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

மகளே, உன் பதிவை இரண்டு முறை படித்தேன். பாட்டியைப் பற்றி நீ எழுதியதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. மற்றவற்றில் இரண்டு மறுப்புகள் உண்டு.

முதலாவது, மேரிலாந்தில் மனிதன் சொத்து. அவனை விற்கலாம், அடகு வைக்கலாம், உயில் எழுதிப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகவும், பிறகு ஆள்சேர்ப்பவரான கங்காணியின் வழியிலும் வந்தவர்கள். அவர்கள் கடனாளிகள், ஏமாற்றப்பட்டவர்கள், ஊர் திரும்பக் காசு இல்லாதவர்கள். ஆனால் அவர்களின் பிள்ளைகளைத் துரை விற்க முடியாது. தொழிலாளர்களை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்பும் முறையை இந்திய அரசு 1938இல் தடுத்து நிறுத்தவும் முடிந்தது. இந்த வேறுபாட்டைக் கைவிட்டால் இரண்டு துயரங்களையும் நாம் சரியாக அறியாதவர்கள் ஆவோம்.

இரண்டாவது, யதார்த்தத்தின் வேலையே இங்கே இன்னும் முடியவில்லை. பர்மாவின் தன்பியூசாயாட் முதல் சயாமின் பான்போங் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் ரயில் பாதையை 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்தபோது, நம் தோட்டங்களிலிருந்து எத்தனை ஆயிரம் பேரை ஏற்றிச் சென்றார்கள் என்பதை நீ அறிவாய். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் 1993இல்தான் வந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’, கோ. புண்ணியவானின் ‘கையறு’ ஆகியவை அதற்கும் பிறகு வந்தவை. பார்த்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். ஒரு வீட்டில் தீப்பற்றும்போது முதலில் வெளியே எடுக்க வேண்டியவை பத்திரங்கள். கற்பனையின் கதவைப் பிறகு திறந்துகொள்ளலாம்.

மேலும், யதார்த்தம் என்றாலே அது குறுகியது என்ற எண்ணமும் சரியன்று. 1972இல் வந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் போர்க்காலத்து மேடானும் பினாங்கும் தெருத் தெருவாக விரிகின்றன, அதே நாவலில் நாயகன் பாண்டியனின் மனம் மதுரைக்கும் பழைய இலக்கியத்துக்கும் தாவித் தாவிப் பேசிக்கொண்டே போகிறது. அதற்குக் காலப் பயணம் தேவைப்படவில்லை.

மூன்றாம் லயம் எழுதியது:

ஐயா சொன்ன முதல் மறுப்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். பதிவு முதலில், கற்பனை பிறகு என்ற வரிசையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பதிவு செய்வதற்கு எதுவும் மிஞ்சாத இடத்தில் பிறந்தவர்கள் என்ன செய்வது?

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் தோட்டம் கைமாறியது. இன்று அங்கே வரிசை வீடுகள் நிற்கின்றன. தாமான் எனப்படும் அந்தக் குடியிருப்பின் பெயரில் தோட்டத்தின் பெயர் இல்லை. ஒகாவாவின் தீவில் ரோஜா மறைந்த அன்று ஆறு முழுவதும் இதழ்களாக மிதந்து போகின்றன. மக்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் தந்தை நினைவுக்கு வந்தார். லயத்தை இடித்த அன்று அவரும் சாலையோரம் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் காலை தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிட்டார். நினைவுக் காவலர் யாரும் எங்களிடம் வரவில்லை. ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். காவலர்கள் வந்திருந்தாலாவது ஒளித்து வைக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த நாவலில் என்னை மிகவும் பாதித்தது நாள்காட்டி மறையும் பகுதி. நாள்காட்டி போனதும் வசந்தம் வராமலே போகிறது. பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் இடம் மாறிய பிறகு தீமிதி சில ஆண்டுகள் வெவ்வேறு மாதங்களில் நடந்து, பின்பு நின்றே போனது. சம்பள நாள், மழைக்கு வெட்டு நின்ற நாள், திருவிழா நாள் என்று எங்கள் ஆண்டைப் பிடித்து நிறுத்தியிருந்தவை எல்லாம் ஒன்றாகப் போய்விட்டன. இதை யதார்த்த நாவலில் எழுதினால் ஒரு பத்தி வரும். ஒகாவா அதை ஒரு குளிர்காலமாக ஆக்கிவிட்டார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவு மக்களின் பணிவு எனக்குச் சினமூட்டியது. இடது கால் மறையும்போதுகூட அவர்கள் நடக்கக் கற்றுக்கொள்கிறார்களே தவிர, யாரும் கத்தவில்லை. நூலை இரண்டு முறை மூடி வைத்தேன்.

வெளிக்காடு எழுதியது:

தம்பி, நீங்கள் மூடி வைத்த இடத்தில்தான் நான் சாராவை மீண்டும் பார்த்தேன். தீவு மக்களின் மேல் உங்களுக்கு வந்த சினமும், என் பாட்டியின் மேல் எனக்கு அன்று வந்த சினமும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது. வெளியே நின்று பார்க்கிறவருக்கு அது பணிவு. உள்ளே இருப்பவருக்கு அது என்னவாக இருந்தது என்று கேட்கும் வாய்ப்பே நமக்குக் கிடைப்பதில்லை. பட்லர் டானாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியதால்தான் அவளால் கேட்க முடிந்தது.

ஐயா, வேறுபாட்டை நினைவூட்டியதற்கு நன்றி. நான் அதை விட்டுவிட்டது பிழை. ஆனால் நான் இரண்டு துயரங்களையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. துயரம் அடைந்தவரை அவருடைய பேரப்பிள்ளை எப்படிப் பார்க்கிறது என்பது இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி இருக்கிறது என்பதைத்தான் சொல்ல முயன்றேன்.

ஆற்றோரம் எழுதியது:

இந்த இழையை மூன்று நாள்களாகப் படித்துவிட்டு, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து, இப்போது எழுதுகிறேன். தங்கை, உங்கள் முதல் பதிவில் “ஆலிஸிடம் ஒரு மகளைப் பெற்றால்தான் டானாவின் வம்சம் உண்டாகும்” என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு நாவல் முழுவதும் அந்த வரிக்குள்தான் இருக்கிறது.

ஆலிஸ் விரும்பி மணந்தவனை ரூஃபஸ் அவளிடமிருந்து பிரித்துவிடுகிறான். பிறகு அவளைத் தன்னிடம் வரச் சொல்லித் தூது போகுமாறு டானாவை ஏவுகிறான்; மறுத்தால் ஆலிஸை அடித்து இழுத்து வருவேன் என்கிறான். டானா தூது போகிறாள். அடியிலிருந்து அவளைக் காப்பதற்காகவா, தன் வம்சம் பிறக்க வேண்டும் என்பதற்காகவா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாத நிலை அது. பிற்காலத்தில், பிள்ளைகளை விற்றுவிட்டதாக ரூஃபஸ் சொன்ன பொய்யை நம்பி ஆலிஸ் தூக்கிட்டு இறக்கிறாள். டானாவோ தன் காலத்துக்குத் திரும்பி வரும்போது ஒரு கையை இழந்து வருகிறாள். அந்தக் கை போன செய்தி நாவலின் முதல் வரியிலேயே வந்துவிடுகிறது.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெண் இருந்தார். துரையின் பங்களாவில் வேலைக்குப் போனவர். அவருக்குப் பிறந்த மகன் லயத்துப் பிள்ளைகளில் எவரைப் போலவும் இல்லை. எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. அந்த மகன்தான் என் தந்தை. என் பாட்டி அந்த வாசலுக்குள் எப்படிப் போனார், யாராவது தூது போனார்களா, போக மறுத்திருந்தால் பெரட்டில் அவருடைய பெயர் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரிய வழியில்லை. இதை யதார்த்தமாக எழுதிய கதைகள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். அவற்றில் துரை கெட்டவன், பெண் பாவம், கதை முடிந்தது. அந்தக் கதைகளில் எனக்கு இடமே இல்லை. அந்தக் கொடுமை நடக்காமல் இருந்திருந்தால் நான் இல்லை என்ற உண்மையை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று அவை என்னிடம் கேட்கவில்லை. பேத்தியை அந்த அறைக்குள் கொண்டு போய் நிறுத்தக் காலத்தை உடைத்தால்தான் முடியும். நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

கோலகங்சார் வாசகர் எழுதியது:

சகோதரி எழுதியதற்குப் பிறகு நீளமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘கிண்ட்ரெட்’ பிரதி யாரிடமாவது இருந்தால் இரவல் கொடுங்கள். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற இயந்திர நாயோடு வளர்ந்தவன் நான், எதிர்காலத்துக்குப் போகும் கதைகள் மட்டுமே மிகுபுனைவு என்று இதுவரை எண்ணியிருந்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவுக்கு மறுமொழி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பத்திரங்களை முதலில் எடுக்க வேண்டும் என்று எழுதினேன். பத்திரமே எழுதப்படாத ஒன்றை நீங்கள் காட்டிவிட்டீர்கள். என் இரண்டாவது மறுப்பின் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இதற்கிடையில் என் பேத்தி கொடுத்த, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவினின் ‘தி வேர்ட் ஃபார் வேர்ல்ட் இஸ் ஃபாரஸ்ட்’ என்ற குறுநாவலைப் படித்தேன். 1972இல் வந்தது. பூமியில் மரம் தீர்ந்துபோக, மனிதர்கள் இன்னொரு கோளுக்குப் போய் அங்குள்ள காட்டை வெட்டுகிறார்கள். அங்கு வாழும் மக்களின் மொழியில் உலகத்துக்கும் காட்டுக்கும் ஒரே சொல். தெய்வத்துக்கும் மொழிபெயர்ப்பவனுக்கும் ஒரே சொல். விழித்திருக்கும்போதே கனவு காணப் பழகியவர்கள் அவர்கள். கொலை என்பதையே அறியாத அந்த மக்களுக்கு, மனைவியை இழந்த செல்வர் என்பவன் கொலையைக் கனவிலிருந்து நனவுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறான். இறுதியில் மனிதர்கள் வெளியேறினாலும் கொலை அங்கேயே தங்கிவிடுகிறது. 1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கி, 1960 வரை நீடித்தது. முள்வேலிக்குள் அரிசியை அளந்து வாங்கிய அந்த ஆண்டுகளைப் பற்றி என் தந்தை சொன்னவற்றோடு சேர்த்துத்தான் என்னால் இந்த முடிவைப் படிக்க முடிந்தது. டேவிட்சன் என்ற கொடியவனை லெ குவின் ஒரே நிறத்தில் தீட்டியிருப்பது குறைதான்.

நான் வியந்து நின்ற இடம் நூலுக்கு அவர் பின்னாளில் எழுதிய முன்னுரை. இந்தக் கனவு மக்களை மலேசியாவின் செனோய்ப் பழங்குடி மக்களைப் பார்த்துத்தான் படைத்தீர்களா என்று ஓர் உளவியல் அறிஞர் அவரிடம் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு மக்கள் இருப்பதே லெ குவினுக்கு அதுவரை தெரியாது. செனோய் கனவுகளைப் பற்றி அக்காலத்தில் மேற்கில் பரவிய பல கூற்றுகளைப் பின்வந்த மானிடவியலாளர்கள் மறுத்துவிட்டார்கள் என்பதும் உண்மை. ஆயினும் செனோய் மக்களுள் ஒரு பிரிவினரான தெமியார்கள், தங்கள் பாடல்களைக் கனவில் பெறுகிறவர்கள். அவர்கள் நம் ஊருக்குக் கிழக்கே, ஆற்றின் மேற்பகுதி மலைகளில் இருக்கிறார்கள். சனிக்கிழமைச் சந்தையில் நான் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து வரும் மக்கள்.

அந்தக் கதையில் நாம் யார்? காட்டை வெட்டச் சொன்னவர்களும் அல்லர், காட்டுக்கு உரியவர்களும் அல்லர். வெட்டுவதற்கு அழைத்து வரப்பட்டவர்கள். 1877இல் கோலகங்சாரில் நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அந்த மரமும் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். இப்படி வந்த மரத்துக்கும் வந்த மனிதனுக்கும் லெ குவினின் காட்டில் இடம் இல்லை. நம்மவர் யாராவது மிகுபுனைவு எழுதினால் அந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

வெளிக்காடு எழுதியது:

ஐயா, நாம் காட்டை வெட்டியவர்களின் பக்கத்திலும் நின்றிருக்கிறோம் என்பதை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அந்தக் குறுநாவலை அடுத்துப் படிக்கிறேன். ஆற்றோரம் அக்கா, அந்த வரியை இனி என்னால் அப்படிக் கடக்க முடியாது.

நேற்று இரவு சாரா வரும் பகுதியை என் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். பாட்டியிடம் நான் கேட்டதையும் முதன்முறையாகச் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாட்டி ஒருமுறை எதிர்த்துப் பேசியிருக்கிறார் என்றார். அம்மா வயிற்றில் இருந்தபோது, பால் எடையைக் குறைத்துப் பிடித்ததற்காக ஸ்டோரில் எல்லார் முன்னிலையிலும் கேட்டாராம். மறுநாளிலிருந்து பிரசவம் வரை அவருக்கு மலைக்காட்டு நிரை. இரண்டு வாளிப் பாலையும் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தினமும் அந்தச் சரிவில் இறங்கினாராம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ படித்துக்கொண்டிருந்தாய் என்றார் அம்மா.

கோலகங்சார் அன்பருக்கு என் பிரதியையே தருகிறேன். ஓரங்களில் பென்சிலால் நிறைய எழுதியிருக்கிறேன், அழிக்காமலே தருகிறேன்.